கூப்பிடாமல் உள்ளே வர முடியாது

14

பச்சை அட்டை நோட்டு காணாமல் போன அன்றைக்கேதான் தம்பிக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போன வாரம் படித்தவர்கள் இரண்டையும் அப்போதே முடிச்சுப் போட்டிருப்பார்கள். பெரியவள் போடவில்லை. கூடப் பிறந்தவனைச் சந்தேகப்பட அவளுக்கு இன்னும் ஐந்து நாள் தேவைப்பட்டது.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் மூன்று பேர். அம்மா. முப்பத்தாறு வயதில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் பெரியவள். இருபத்தொன்பது வயதுக்குள் மூன்று வேலைகளை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் சின்னவன்.

அக்காவும் தம்பியும் மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கோட்டை கட்டி, படை திரட்டி, ஊர் பிடிக்கிற ராஜா காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குள் ரத்தம் குடிக்கும் காட்டேரி ஒருவனைச் சிற்றரசனாகக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்தவர் செய்த விளையாட்டுக்குள் ரசிகர்களே இப்படிச் சேர்க்கும் பகுதிக்கு 'மாட்' என்று பெயர். அம்மா வாயில் அது மாடு.

"உங்க மாடு எப்பதான்டா வெளிய வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து எட்டு மாதம் ஆயிற்று. பதினோராயிரம் பேர் ஆடுகிறார்கள். விதிகளை யோசித்துப் பச்சை அட்டை நோட்டில் எழுதியது அக்கா. அவற்றைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்தது தம்பி. வெளியே தெரிந்த பெயர் மட்டும் ஒன்று: 'கோட்டைக்காரன்'. அது சின்னவன் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். "உன் பேரை அடுத்த தடவை சேர்த்துக்கலாம்கா" என்று அவன் சொன்னபோது அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும்.

*

ஆறரை மணிக்கே லேபில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வெறும் வயிற்றோடு வந்தவர்களின் எரிச்சல் அறை முழுக்க இருந்தது.

ஒன்பதாவதாக வந்தவர் ஆறடிக்கு மேல் இருந்தார். ஊசியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க டக்குனு புடிச்சு எடுத்துடுங்க."

"நான் புடிக்க மாட்டேன் சார். நீங்கதான் கையை நீட்டணும்."

"இவ்ளோ பேர் நிக்கறாங்க. இழுத்துப் புடிச்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்ல?"

"நிக்கட்டும். நீங்க நீட்டுங்க."

அவர் யோசித்தார். பிறகு நீட்டினார். பெரியவள் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசி போனதே தெரியாமல் எடுத்துவிட்டாள். அவர் அசடு வழிந்துகொண்டு எழுந்து போனார்.

அவர் போன கையோடு ரிசப்ஷனில் இருப்பவள் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உன் தம்பி பேட்டி வந்திருக்கு! எங்க வீட்டுக்காரர் அனுப்பினார். அவருதான் உங்க காட்டேரி பைத்தியமாச்சே. இந்தா, படி."

பெரியவள் கையுறையைக் கழற்றிவிட்டு போனை வாங்கினாள். விளையாட்டு ரசிகர்கள் படிக்கும் ஓர் இணையப் பக்கம். கேள்வியும் பதிலுமாக இருந்தது.

'உங்கள் காட்டேரியால் எந்தக் கோட்டைக்குள்ளும் தானாக நுழைய முடிவதில்லை. உள்ளே இருக்கும் யாராவது ஒருவர் அவனை வா என்று கூப்பிட வேண்டும். படையால் மதிலை உடைக்கிற விளையாட்டு, உள்ளே யார் மனம் நொந்திருக்கிறார்கள் என்று தேடுகிற விளையாட்டாக மாறிவிட்டது. இந்த அழைப்பு விதி எப்படித் தோன்றியது?'

'ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தோன்றியது' என்று சொல்லியிருந்தான் கோட்டைக்காரன்.

பெரியவள் முதலில் தன் பெயரைத் தேடினாள். பிறகு 'அக்கா' என்ற சொல்லைத் தேடினாள். கடைசியில் 'நாங்கள்' என்றாவது ஓரிடத்தில் சொல்லியிருக்கிறானா என்று பார்த்தாள். 'நான்' மட்டும் இருபத்திரண்டு இடத்தில் இருந்தது.

"குளிச்சிட்டிருந்தானாமே!" என்று ரிசப்ஷன்காரி சிரித்தாள்.

"அவனைக் குளிக்க வைக்கறதுக்கே எங்கம்மா நாலு தடவை கத்தணும்" என்றாள் பெரியவள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

பேட்டிக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. இன்று மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெரிய கம்பெனி அவனிடம் பேசப் போகிறதாம், விதி வடிவமைப்பாளர் வேலைக்காக. வாழ்த்துகளாம்.

'ஏதோ டெக்னிக்கல் சந்தேகம் கேக்கணுமாம்கா, சும்மா பேசறாங்க' என்று போன வாரம் சொன்னவன் அவன். நிரல் எழுதுகிற வேலை என்றிருந்தால் அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருப்பாள். இது விதி எழுதுகிற வேலை. மூன்று வருடமாக அவள் செய்த வேலை.

நோட்டு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வெளியே இன்னும் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவசரப்பட்டால் அது அடுத்தவர் உடம்பில்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பதினான்கு பேரையும் முடித்தாள். ஒருவருக்கும் இரண்டாவது தடவை குத்தவில்லை. பன்னிரண்டு மணி வரை வந்த மற்றவர்களையும் பார்த்துவிட்டு, தலைமை டெக்னீஷியனிடம் போய் அரை நாள் லீவு கேட்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

*

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சின்னவன் மேலே வெள்ளைச் சட்டையும் கீழே அரை டிராயருமாக மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். கேமராவில் மேல்பாதிதானே தெரியும். அவன் முன்னால் பச்சை அட்டை நோட்டு விரிந்து கிடந்தது. பக்கங்களின் ஓரத்தில் கலர் கலராகக் காகிதத் துண்டுகள். அவள் எழுதிய வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தான், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

"எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள் பெரியவள்.

அவன் நாற்காலியோடு திரும்பினான். நோட்டை மூடலாமா வேண்டாமா என்று ஒரு கணம் அவன் கை தவித்தது.

"அக்கா, நீ சாயங்காலம்தானே வருவ... நானே சொல்லலாம்னு..."

"பேட்டியில சொன்னியே, அது போதாதா? குளிச்சிட்டிருந்தியாமே. தண்ணி வெந்நீரா, பச்சத்தண்ணியா?"

"அவங்க ஏதோ கேட்டாங்க, நான் ஏதோ சொன்னேன். அதைப் போய் பெருசு பண்ணாத."

"மூணு வருஷம்டா. லேபுக்குப் போயிட்டு வந்து, இந்த மேஜையில உக்காந்து மூணு வருஷம். காட்டேரிக்குத் தாகம் எவ்ளோ வேகத்துல ஏறணும், எத்தனை நாள் குடிக்காம தாங்குவான், ஒரு ஊர்ல எத்தனை பேரைக் குடிச்சா வதந்தி கிளம்பும், வதந்தி எப்ப வேட்டைக்காரனைக் கூட்டிட்டு வரும்... எது உன்னுது? ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

அவன் முகம் சிவந்தது. எழுந்து நின்றான்.

"நீ ஒரு வரி எழுதுவ. 'உள்ளே இருப்பவர் கூப்பிட்டால்தான் காட்டேரி நுழையலாம்.' எழுதிட்டு நோட்டை மூடிட்டுத் தூங்கப் போயிடுவ. அந்த விளையாட்டுல கதவுன்னு ஒண்ணே கிடையாதுக்கா! மதில் இருக்கு, ஏணி இருக்கு, படை இருக்கு. கூப்பிடறதுக்கு உள்ள ஆளே கிடையாது. ஒவ்வொரு கோட்டைக்கும் பதினோரு ஆளை உண்டாக்கி, ஒவ்வொருத்தனுக்கும் பசி, பயம், மனக்குறைன்னு எண் குடுத்து, அதை ஓட வைக்கறதுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சு. நாலு மாசம்! நீ பேசின. நான் செஞ்சேன்."

"செஞ்சேன்னு சொல்லு. யாரு வேணாங்கறா? நான் யோசிச்சேன்னு ஏன்டா சொன்ன?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா ஏன் என் நோட்டைத் திருடின?"

அந்தச் சொல் அடுப்படி வரை போனது. அம்மா ஈரக் கையோடு வந்து நடுவில் நின்றாள்.

"திருடினேன் கிருடினேன்னு பேசாத. இழுப்பறையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது நான்தான்."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். ஐந்து நாளாகக் கட்டிலுக்குக் கீழேயும் அலமாரிக்குப் பின்னாலும் அவள் தேடியபோது, கூடவே குனிந்து தேடியவள் அம்மா.

"நீயாம்மா?"

"ஆமா. உனக்கு ஒரு வேலை இருக்கு. நாளைக்கும் இருக்கும். அவனுக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு. வயசு என்ன ஆகுது அவனுக்கு? கூடப் பிறந்தவன்தானே, விட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"இன்னும் என்னம்மா இருக்கு விட்டுக் குடுக்க? ஜன்னல் வச்ச ரூம் அவன் படிக்கணும்னு போச்சு. நான் கணக்குப் படிக்கணும்னு சொன்னப்ப, ரெண்டு வருஷப் படிப்பு போதும், சீக்கிரம் வேலைக்குப் போன்னு அனுப்பின. போனேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருக்கேனா? இது என் மண்டைக்குள்ள இருந்ததும்மா. இதையும் எடுத்துக் குடுத்துட்டியே."

"சும்மா ஒரு விளையாட்டு..."

"அந்த விளையாட்டுல ஒரு விதி இருக்கு, தெரியுமா? கோட்டைக்குள்ள இருக்கற ஒருத்தர் வாசல்ல நின்னு காட்டேரியைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள தூங்கறவங்களுக்குத்தான் ரத்தம் போகும்."

அம்மாவின் முகம் மாறியது. "அப்ப என் புள்ளையைக் காட்டேரிங்கறியா?"

"அவனை நான் ஒண்ணும் சொல்லல. கூப்பிட்டது யாருன்னு சொல்றேன்."

சின்னவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றே முக்கால். அவன் பார்த்ததைப் பெரியவளும் பார்த்தாள். நோட்டை மேஜையிலிருந்து எடுத்து, அவன் ஒட்டிய காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டாள்.

"போய்ப் பேசு. உன் மண்டையில இருக்கறதைப் பேசு. அதை நான் தடுக்கல."

*

மூன்று மணிக்கு அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. மெல்லிய பலகைக் கதவு. உள்ளே பேசுவது அடுப்படியில் நன்றாகக் கேட்டது.

பெரியவள் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பசி இல்லை. ஆனாலும் சாப்பிட்டாள். அவனுக்காகச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள் என்று இருக்கக் கூடாது.

கம்பெனியில் பேசியவள் ஒரு பெண். நடுத்தர வயதுக் குரல். அவசரமே இல்லாமல் கேட்டாள். முதல் இருபது நிமிடம் சின்னவன் நன்றாகவே பேசினான். பதினோரு ஆட்களை எப்படி உண்டாக்கினான், ஒரே நேரத்தில் நாற்பது கோட்டைகளில் அவர்கள் யோசித்தால் விளையாட்டு திணறாமல் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்றெல்லாம் சொன்னான். அந்தப் பெண் "பலே" என்றாள். அம்மா கதவருகில் நின்று கைகளைக் கோத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "கூப்பிட்ட ஆளைக் காட்டேரி கடிக்கறதே இல்லையே. அது ஏன்?"

"அது... பேலன்ஸுக்காக."

"எதுக்கும் எதுக்கும் நடுவுல பேலன்ஸ்?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. "இல்ல, வந்து... கடிச்சா ஆடறவங்களுக்குப் பிடிக்காது."

"சரி. படையெடுத்துப் போகும்போது தாகம் மெதுவா ஏறுது. கோட்டையில சும்மா இருக்கும்போது வேகமா ஏறுது. நியாயமாப் பாத்தா நடந்தாத்தானே தாகம் எடுக்கணும்? ஏன் தலைகீழா வச்சீங்க?"

உள்ளே நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. அம்மா வேகமாக அடுப்படிக்குள் வந்தாள்.

"உள்ள போயேன்டி. தடுமாறறான். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

பெரியவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். "டெக்னிக்கல் சந்தேகம்தானே. அவனே சொல்லுவான்."

"கல் நெஞ்சுடி உனக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

உள்ளே அந்தப் பெண்ணின் குரல் தொடர்ந்தது. "இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் மாட்டை மாத்தும்போது, என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு ஒரு குறிப்புப் போடறீங்க. அதையெல்லாம் நான் உக்காந்து படிச்சேன். ரொம்பத் தெளிவு. ஆனா அந்தக் குறிப்புல பேசற ஆளும் இப்ப என்கிட்ட பேசற ஆளும் ஒண்ணு மாதிரி தெரியலையே. அதை யாரு எழுதறது?"

"அது எங்க அக்கா" என்றான் சின்னவன். "எனக்கு டைப் பண்ணிக் குடுப்பாங்க."

பெரியவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள். துடைத்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வேணாம். இப்ப வேணாம். அவன் வாழ்க்கைடி."

"விடும்மா."

அவள் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு உள்ளே போனாள். சின்னவன் அரண்டு போய்ப் பார்த்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கேமராவில் தன் முகம் தெரியும்படி குனிந்தாள்.

"வணக்கம். டைப் பண்றவ பேசறேன்."

திரையில் கண்ணாடி போட்ட அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"நீங்க ரெண்டு கேள்வி கேட்டீங்க. கூப்பிட்டவனை ஏன் கடிக்கலன்னு ஒண்ணு. கடிச்சுட்டா அடுத்த கோட்டையில எவனும் கூப்பிட மாட்டான். அவனை நல்லா வாழ வைக்கணும். அப்பதான் சேதி பரவும். காட்டேரி கதவைத் திறந்தவனை ஒண்ணும் பண்ண மாட்டான், மத்தவங்களைத்தான் குடிப்பான்னு. அதுக்கப்புறம் ஆடறவங்க வெளிய நிக்கற எதிரியைப் பாத்துப் பயப்பட மாட்டாங்க. தன் வீட்டுக்குள்ள யாரு மனசு நொந்து இருக்கான்னு பாத்துத்தான் பயப்படுவாங்க. எனக்கு அந்தப் பயம்தான் வேணும்."

"ரெண்டாவது?"

"தாகம். முதல்ல நீங்க சொன்ன மாதிரிதான் இருந்துச்சு, நடந்தா தாகம் ஏறும். ஆடறவங்க என்ன பண்ணாங்க? காட்டேரியைக் கோட்டைக்குள்ளயே பூட்டி வச்சுட்டு, சாகாத ராஜாவா உக்கார வச்சு ஜெயிச்சாங்க. நூறு வருஷம் ஒண்ணுமே பண்ணாம. அதைத் தலைகீழா மாத்தினேன். சும்மா இருந்தா சொந்த ஆளுங்க மேலயே கை வைப்பான். வெளிய கிளம்பியே ஆகணும்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். "உள்ள இருந்து கூப்பிடணும்ங்கற யோசனை பழைய கதையிலேயே இருக்கு. ஆனா நீங்க அதை மேல ஒட்டாம, மொத்த விளையாட்டையுமே அது மேல நிக்க வச்சிருக்கீங்க. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. ஒரு நாளைக்கு அறுபது பேர். இதுவரைக்கும் கை நீட்டாத ஒருத்தர்கிட்டயும் எடுத்ததில்ல. பலமா இழுத்தா எடுத்துடலாம், யாராலயும் முடியும். அவங்களே நீட்டற வரைக்கும் காத்திருக்கறதுலதான் எல்லாம் இருக்கு. என்ன சொன்னா நீட்டுவாங்க, யாரு சொன்னா நீட்டுவாங்க, ஏன் நீட்டறாங்க. பதினாறு வருஷமா அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

திரையில் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

பெரியவள் நிமிர்ந்தாள். போயிருக்கலாம். ஆனால் பொய் சொன்ன வீட்டில் இன்னொரு பொய்யாகத் தன் வாய் மூடியிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லிடறேன். ஒருத்தன் மனக்குறை எத்தனை ஆனா கூப்பிடுவான்னு ஒரு எண் இருக்கு. நான் நாற்பதுன்னு சொன்னேன். அது தப்பு. மூணே நாள்ல எல்லாக் கோட்டையும் விழுந்துச்சு. அறுபத்தஞ்சுன்னு கண்டுபிடிச்சது இவன். அந்தப் பதினோரு ஆளும் இவன் இல்லாம வந்திருக்க மாட்டாங்க. செஞ்சது இவன்தான். அதுல சந்தேகம் வேண்டாம்."

தம்பியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வந்தபடியே வெளியே போனாள்.

*

நான்கு மணிக்கு அவன் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் வீசினான்.

"என் மானத்தை வாங்கிட்ட. திருப்தியா?"

"நீ என் பேரையே வாங்கின. எனக்குத் திருப்தியான்னு கேக்கற."

"எனக்குன்னு ஒண்ணு வந்துச்சு. முதல் தடவையா ஒருத்தர் என்னைத் தேடி எழுதினாங்க. நீ நடுவுல பூந்து கெடுத்துட்ட."

"அவங்க தேடினது உன்னையாடா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சுவரை ஓங்கிக் குத்தினான். வலித்திருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான். "ஐயோ, கையைக் காட்டுடா" என்று அம்மா ஓடினாள். பெரியவள் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. இன்றைக்குக்கூட அடிபட்டவன் அவன்தான்.

ஐந்தரைக்கு மெயில் வந்தது. சின்னவன் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினான்.

சுருக்கமான கடிதம். வேலையைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். இந்த மாட்டில் யார் எதைச் செய்தார்கள் என்று இருவரும் அவரவர் கையால் எழுதி, ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். வேலை நடந்ததைக் கூட இருந்து பார்த்தவர் யாராவது இருந்தால் அவரும் எழுதலாம். நாளை காலை பத்து மணிக்குள்.

பெரியவள் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். யோசிக்காமல் எழுதினாள். விதிகள் என்னுடையவை. அவற்றை ஓட வைத்த நிரல் முழுவதும் என் தம்பியுடையது. அறுபத்தைந்து என்ற எண்ணும் அவனுடையது. கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினாள்.

சின்னவன் எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, நீ சொல்லு. நீதானே பாத்த. மூணு வருஷம் நீயும் இங்கதான் இருந்த."

அவன் குரலில் இருந்தது கேள்வி இல்லை. அம்மா வழக்கம்போல் தன் பக்கம் வந்து நிற்பாள் என்ற நம்பிக்கை அது. அம்மா அவனையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் நகர்த்தினாள். கடைக்குப் பட்டியல் எழுதுவதைத் தவிர அவள் பேனா பிடித்து வெகுநாள் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'என் மகள் யோசித்தாள். என் மகன் செய்தான். அவள் நோட்டை அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது நான். தப்பு என்னுடையது.'

எழுதிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னவன் அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு பேனாவை வாங்கி, அம்மா எழுதிய கடைசி இரண்டு வரிகளையும் அடித்தான். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தான்.

"ஏன்டா அடிக்கற?" என்றாள் அம்மா.

"எதுக்கு உன் தலையில போட்டுக்கற? நீயா எடுத்துக் குடுத்த? நான்தானே கேட்டேன். கடிதம் வந்த அன்னைக்குப் பூரா கெஞ்சிக் கேட்டேன். நீ மாட்டேன்னு சொன்ன. அப்புறம் சாப்பிடாம கிடந்து வாங்கினேன்."

பெரியவள் தலையைத் தூக்கினாள். மதியம் அம்மா நடுவில் வந்து நின்று சொன்னதும் அவனுக்காகச் சொன்னதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு இருவர் மேலும் சேர்ந்தே வந்தது.

சின்னவன் பேனாவை மேஜையில் வைத்தான். தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கையெழுத்தும் போடவில்லை. கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் படியிறங்கிப் போனான். கீழே கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து போட்டுடுவான்ல?"

"தெரியல" என்றாள் பெரியவள். தாளை எடுத்து மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தாள். "பத்து மணி வரைக்கும் பாப்பேன். அவன் பேர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. பத்து மணிக்கு நான் அனுப்பிடுவேன்."